வைக்கோல் போரில் இறங்கிய விமானம்

இங்கிலாந்து, ஜூன் 1934

சௌபாக்யவதி அரவிந்தவல்லிக்கு சேஷுவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். ஸ்ரீரங்கத்தில் உன் இருமல் நின்றதா?

எங்கள் பட்டறையில், அந்தக் காலத்தில் சோதனைக்காகக் கட்டிய இரட்டைச் சிறகு விமானம் ஒன்று உண்டு. எல்லாம் மரச்சட்டமும் துணியும்தான். ஊர்க் கண்காட்சியில் அதைத் தரையில் ஓட்டிக் காட்ட, எடை குறைந்த ஆள் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

"பயப்படாதீங்க, இது ஒருநாளும் பறந்ததில்லை" என்றார் மேஸ்திரி.

அன்று பறந்துவிட்டது. வேலியைத் தாண்டி வைக்கோல் போரில் இறங்கிற்று. ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான்.

நார்த்தங்காய் அனுப்பு. காகிதத்தில் வேண்டாம், உன் பழைய புடவைத் துண்டில் சுற்றி அனுப்பு.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று: மேலே போனபோது பயத்தில் ரங்கநாதனுக்கு அங்கப்பிரதக்ஷிணம் வேண்டிக்கொண்டேன், வாய் தவறி உன் அண்ணா பேரில். பக்குவமாகச் சொல்.