ஆறாவது வெள்ளி

ஏங்க, எழுப்பினா சண்டை வரும். அதான் எழுதி வச்சுட்டுப் போறேன்.

உங்க அக்காவுக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன். பிரஷர் அதிகம்னு உங்ககிட்ட ரத்தம் எடுக்கலைன்னு நேத்து சொன்னீங்க. காலையில பூத்துல இருந்து அக்கா வீட்டு மாமாவுக்கு போன் பண்ணினேன். பிராந்தி வாடை அடிக்குதுன்னு நர்ஸ் திருப்பி அனுப்பினதை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நாம ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தாத்தான் ஆஸ்பத்திரியில அக்காவுக்கு ஒரு பாட்டில் தருவாங்களாம். எந்த குரூப்னாலும் சரியாம். நான் கொடுக்கப் போறேன்.

ஹரிஷுக்கு டப்பாவுல சித்ரான்னம் இருக்கு. அவனை ஸ்கூல்ல விட்டுட்டு, குளிச்சுட்டு வாங்க. சாவியைப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாகிட்ட கொடுத்துடுங்க. ஈஜிபுரா பஸ் ஸ்டாப்ல எந்தக் கடையிலயும் நுழையாம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. அக்கா கேட்டா பிரஷர்னே சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன்.

காஞ்சனா

இட்லி நாலு குறையும். நான்தான் சாப்பிட்டேன், வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டாங்க. நீங்க குடியை விடணும்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்ட விரதத்துல இன்னிக்குத்தான் ஆறாவது வெள்ளி, கடைசி வெள்ளி. முறிச்சுட்டேன். அவகிட்ட கேக்க இனி எனக்கு வாயில்ல. உங்ககிட்டதான் கேக்கிறேன்.