சுகிர்தவல்லி கேட்காத ஒரு வார்த்தை

அருப்புக்கோட்டை,
22-2-1947

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

ஜெயசெல்வி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதே. போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. நாம் படித்த அதே பள்ளிக்கூடத்தில் நான் இப்போது ஐந்தாம் வகுப்பு டீச்சர். விடுதியிலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்று இப்போது யாரும் சொல்வதுமில்லை. நீ சுவாமிதாஸ் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு வடக்குப்பட்டியில் இருக்கிறாய் என்றும், ஜெயக்கொடி என்று எட்டு வயதில் ஒரு மகள் என்றும் திருச்சுழியிலிருந்து வந்த ஞானையா உபதேசியார் சொன்னார். என் பெயரில் பாதியை உன் மகளுக்கு வைத்திருக்கிறாய் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அப்படி இல்லையென்றாலும் என்னைத் திருத்த வேண்டாம்.

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு புத்தகப் பெட்டி உண்டு. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்வரும். என் பொறுப்பு. படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும் கூடவே வரும் நோட்டில் அபிப்பிராயம் எழுதி அனுப்ப வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். உனக்கு ‘சுகிர்தவல்லி அல்லது காணாமற்போன வைரத்தோடு’ அனுப்பியிருக்கிறேன். நம் அம்மாக்கள் காலத்துக் கதை. ஜட்ஜு மகள், பதினேழு வயது, துப்பறிகிறாள். நோட்டைப் புரட்டிப் பார். பந்தல்குடி டாக்டரம்மா ‘அபாரம்’ என்று எழுதியிருக்கிறார். பாளையம்பட்டியில் ஒருத்தி, “இதைப் படித்ததிலிருந்து என் மகள் மாமியாரின் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். இனி இது மாதிரிப் புத்தகம் அனுப்ப வேண்டாம்” என்கிறாள்.

நான் ஒன்பது தடவை படித்துவிட்டேன். முப்பத்தோராம் அத்தியாயம் வந்தால் மட்டும் மூடிவைத்துவிடுவேன். அதைப் பற்றி உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும்.

உன் பதிலுக்கு ஏங்கும்,
ஜெயசெல்வி


வடக்குப்பட்டி, திருச்சுழி தபால்,
16-3-1947

கனம் ஜெயசெல்வி டீச்சரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் அடுப்புக்குப் போகவில்லை. புத்தகமும் வந்து சேர்ந்தது.

இங்கே பெரியவர்களில் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். ஆகையால் மத்தியானம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டே எல்லாரும் உட்கார, நான் வாசிக்கிறேன். அபிப்பிராயம் கேட்டீர்கள். எழுதி மாளாது.

கருத்தம்மாள் சொல்வது: “வைரத்தோட்டக் கழட்டிச் சன்னல்ல வச்சுட்டுக் குளிக்கப் போனாளே சமீந்தாரு பொண்டாட்டி, அவளையில்ல மொதல்ல நாலு கேள்வி கேக்கணும்?” சந்தனம்மாளுக்கு ஜட்ஜு மேல்தான் கோபம். “வயசுக்கு வந்த புள்ளையத் தன்னந்தனியா சட்கா வண்டியில அனுப்பிட்டு, இவுக ஊருக்கு என்ன தீர்ப்புச் சொல்லப் போறாக?” என்கிறாள். கால்தடத்தை வைத்துச் சுகிர்தவல்லி ஆளைக் கண்டுபிடிக்கும் இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நம் கரிசலில் மழை பெய்தால் கால் புதையும், காய்ந்தால் யானை நடந்தாலும் தடம் விழாது. சந்தனம்மாளின் வீட்டுக்காரர் மாரிச்சாமி ஆட்டைத் தேடுகிற பாவனையில் வேலிக்கு வெளியே நின்றே முழுக்கதையும் கேட்கிறார். “எடுத்தது கணக்கப்பிள்ளதான். நான் மீசைய எடுத்துக்கிடுதேன், வேற எவனாச்சும் இருந்தா” என்று சபதம் போட்டிருக்கிறார்.

நான் அடுப்படிக்குப் போனால் ஜெயக்கொடி புத்தகத்தை வாங்கி என்னைவிட ஏற்ற இறக்கமாக வாசிக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. சித்திரையோடு அவள் படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் என்ன செய்வது என்று நானும் அவள் அப்பாவும் பேசுவதில்லை.

முப்பதாம் அத்தியாயத்தோடு நிறுத்தியிருக்கிறேன். எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள். அடுத்ததை நான் தனியாகப் படித்துவிட்டேன், சத்தமாக வாசிக்க எனக்குத்தான் மனசு வரவில்லை. காரணம் தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சு. ஞானப்பூ


அருப்புக்கோட்டை,
21-3-1947

என் ஞானப்பூ,

தாங்கள், டீச்சரம்மா என்றெல்லாம் எழுதி என்னை அடித்துவிட்டாய். வாங்கிக்கொள்கிறேன்.

மாரிச்சாமியின் மீசையை நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். இனிச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மழை பொய்த்ததால் தை மாதமே விடுதிக் கிணறு வற்றிவிட்டது. தூர் வார ஆள் இறக்கினோம். இரண்டாம் நாள் சங்கையா என்கிறவர் மேலே வந்து, “அம்மா, இது என்னமோ கெடந்துச்சு” என்று ஒரு சேற்று உருண்டையை என் கையில் கொடுத்தார். கழுவினால், அப்போது பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாவின் கைக்கடிகாரம். நீ எடுத்தாய் என்று சொல்லி முப்பத்தாறில் உன்னை விடுதியைவிட்டு அனுப்பினார்களே, அதேதான். துரைசானியம்மா கிணற்றடியில் முகம் கழுவும்போது நழுவி விழுந்திருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வேறு எப்படி விழும்?

நீ அவர்கள் அறையிலிருந்து கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன் என்று மேட்ரனிடம் சொன்னவள் நான். வேறு சாட்சி இல்லை. உன் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. என் வாயை நம்பித்தான் உன்னை அனுப்பினார்கள். நீ மாட்டுவண்டியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பாவமும் அறியாத உன்னைக் கள்ளி ஆக்கிவிட்டேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னை மன்னி என்று கேட்கவும் கூசுகிறது.

ஆனால் ஒன்று செய்ய முடியும். ஜெயக்கொடியை இங்கே அனுப்பு. விடுதியில் இலவச இடம் ஒன்று இருக்கிறது. பெற்றவர்கள் இங்கே படித்திருந்தால் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். உன் பெயருக்கு எதிரே ‘களவு, நீக்கப்பட்டாள்’ என்று இருக்கிறது. கடிகாரம்தான் கிடைத்துவிட்டதே! அந்த வரியை அடித்துவிடச் சொல்லிப் பெரிய டீச்சரம்மாவிடம் கேட்கப்போகிறேன்.

உன்,
ஜெயசெல்வி


வடக்குப்பட்டி,
13-4-1947

ஜெயசெல்விக்கு,

முப்பத்தோராம் அத்தியாயத்தை நேற்று வாசித்துவிட்டேன். அபிப்பிராயத்தை நோட்டில் எழுதவில்லை. உனக்கே எழுதுகிறேன்.

ஜமீன் வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, சுகிர்தவல்லி தன் சொந்தத் தோழி கனகத்தைக் கைகாட்டி, “வைரத்தோட்டை எடுத்தவள் இவளே!” என்கிறாள் அல்லவா? ஜட்ஜு மகளைத் தட்டிக்கொடுக்கிறார். இங்கே யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. மாரிச்சாமி, “சேச்சே, இது கதையா?” என்று கிளம்பிப் போய்விட்டார். மீசையைப் பற்றிக் கேட்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

கருத்தம்மாள்தான் பருத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: “ஏந்தாயி, ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்த புள்ளைகதான? ஊரக் கூட்டுறதுக்கு முந்தி, ‘ஏட்டி, நீயா எடுத்த?’ன்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாளா அந்தச் சுகிர்தவல்லி?” நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கேட்கவே இல்லை. முந்நூறு பக்கத்தில் வண்டிக்காரனைக் கேட்கிறாள், சலவைக்காரியைக் கேட்கிறாள், கனகத்தைக் கேட்கவில்லை.

நீ ஏன் கேட்கவில்லை, ஜெயசெல்வி? மேட்ரனிடம் போகிற வழியில்தான் நான் முல்லைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாய். இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்குப் பசித்த நாளும் உண்டு, பிள்ளை காய்ச்சலில் கிடந்த நாளும் உண்டு. எதற்கும் இவ்வளவு அழுததில்லை.

ஜெயக்கொடியை உன்னிடம் அனுப்ப ஆசையில்லாமலா இருக்கும்? அவள் படிக்க வேண்டும். அதற்காக என் கையை வெட்டிக் கொடு என்றாலும் கொடுப்பேன். யோசித்து எழுதுகிறேன்.

ஞானப்பூ


அருப்புக்கோட்டை,
4-5-1947

என் ஞானப்பூ,

நீ கேட்டதற்கு மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். நீ கேவலமாக நினைத்தாலும் சரி.

கடிகாரம் கிடைக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று மேட்ரன் சொல்லிவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? காலையில் கஞ்சி இல்லை, மத்தியானம் சோறு இல்லை. எனக்குப் பசி. அதோடு பயமும்; துரைசானியம்மா அறையைக் கூட்டுகிற முறை அந்த வாரம் என்னுடையது. என்னைச் சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். உன்னைத் தாண்டிப் போகும்போது கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டால் நீ ஏதாவது சொல்லிவிடுவாய், அப்புறம் என்னால் போக முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. அன்றைக்குச் சோறு போட்டார்கள், நானும் சாப்பிட்டேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது கேட்கிறேன். ஏட்டி ஞானப்பூ, நீயா எடுத்தாய்?

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ எழுத வேண்டும். பெரிய டீச்சரம்மா சம்மதித்துவிட்டார். “அவளே தன் கைப்பட ‘நான் எடுக்கவில்லை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், நான் பதிவேட்டுல அடிச்சுக் கையெழுத்துப் போடுறேன்” என்றார். ஒரே ஒரு வரி. ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கு அந்த வரியும் ஜெயக்கொடியும் வந்துவிட்டால், இலவச இடம் அவளுக்குத்தான். வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

நீயும் கூட வரமாட்டாயா? உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தெருவில் யாராவது உன்னைப் போல வேகமாக நடந்துபோனால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

உன்,
ஜெயசெல்வி


வடக்குப்பட்டி,
9-6-1947, காலை

என் ஜெயசெல்விக்கு,

இதைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் என் மகள். அவள் அப்பாவோடு முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன். கடிதத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

நீ கேட்ட வரியை ஒரு மாதமாக எழுதிப் பார்க்கிறேன். நான்கு வார்த்தைகூட இருக்காது. பேனாவை வைத்தால் கை ஓடவில்லை. நீ மேட்ரனைக் கேட்டாயா, துரைசானியைக் கேட்டாயா? பதினோரு வருஷம் கழித்து என்னைக் கேட்டிருக்கிறாய். கேட்டபிறகு உன்னிடம் பொய் சொன்னால் நான் யார்?

நான்தான் எடுத்தேன்.

விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ அல்ல. வெறும் ஆசை. மேசையில் கிடந்தது. காதில் வைத்தால் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுவோம் என்று நினைத்தேன். சாப்பாட்டை நிறுத்தியதும் பயந்துபோனேன். நீ என்னைத் தாண்டி மேட்ரன் அறைக்குள் போனதைப் பார்த்ததும் கிணற்றில் எறிந்துவிட்டேன். நீ ஒரே ஒரு தடவை நின்று, “ஏட்டி, கொண்டுபோய் வச்சிரு” என்று சொல்லியிருந்தால் ஓடிப்போய் வைத்திருப்பேன். நீ பார்த்தது சரி. சரியாகப் பார்த்துவிட்டுத் தப்பான ஆளிடம் போய்ச் சொன்னாய். என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

நீ அழுததை எழுதியபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ மன்னிப்புக் கேட்டது எனக்கு இனித்தது. அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை ஜெயக்கொடியின் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். என் அப்பா இறந்ததால் என் படிப்பு நின்றது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார்கள். இன்று விடிந்ததும் பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதிக்கொடுத்து, “பஸ்ஸுக்கு நேரமாகுது, கெளப்பிவிடு” என்றார்கள்.

இனி உன் பாடு. இடம் இல்லையென்றால் சாயங்காலப் பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடு. உன்மேல் வருத்தப்படமாட்டேன். பிள்ளையைக் கடிந்து மட்டும் பேசாதே.

ஞானப்பூ


அருப்புக்கோட்டை,
9-6-1947, மத்தியானம்

ஞானப்பூ,

உன் வீட்டுக்காரர் வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். அவர் கையில் கொடுக்க அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஆபீஸ் அறை வாசலில் நின்று படித்தேன். ஜெயக்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்று பார்த்தது சரிதான் என்று தெரிந்தும் எனக்கு ஓர் ஆறுதலும் வரவில்லை. அந்தக் கிணற்றடியில் தன்னந்தனியாக நின்ற உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ எடுத்தவள் என்று தெரிந்த பிறகும் உன்மேல் இருக்கிற ஏக்கம் இம்மியும் குறையவில்லை, போ.

உள்ளே போனேன். பெரிய டீச்சரம்மா, “எழுதிக் குடுத்துட்டாளா?” என்றார்.

“இல்லம்மா. நான் கேட்ட வரிய அவ எழுதல” என்றேன்.

“ஏன்?”

“அது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சும்மா. நான் சொல்லமாட்டேன்.”

முப்பத்தாறில் மேட்ரனிடம் உன்னைப் பற்றிச் சொன்னவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். “அப்படின்னா அந்த வரிய நான் அடிக்க முடியாது. புள்ளைக்கு யாரு பொறுப்பு?” என்றார். நான் என்றேன். அவள் ஏதாவது தப்பு செய்தால் என் வேலையும் போகும் என்று சொல்லிச் சேர்க்கைப் பாரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நாலாம் வகுப்பு. என் அறைக்கு இரண்டு கதவு தள்ளிப் படுக்கை.

பதிவேட்டில் உன் வரி அப்படியேதான் இருக்கிறது. என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தாய்மார் வந்து பிள்ளைகளைப் பார்க்கலாம். அவரை அனுப்பாதே, நீ வா. கேட்டில் ஆளை நிறுத்திப் பெயர் கேட்பார்கள். ஞானப்பூ என்று சத்தமாகவே சொல். நான் உள்ளே உட்கார்ந்திருக்கமாட்டேன், காலையிலிருந்தே கேட்டில் நிற்பேன்.

ஜெயசெல்வி