சிவப்புப் பூச்சுக்கு அடியில்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

ஒரு ராக் இசைக்குழுவில் வாசித்த ஒருவரின் பழைய பேஸ் கிடார் என்னிடம் இருக்கிறது. அவர் போன வருடம் இறந்துவிட்டார். அந்தக் கிடாரைப் பார்க்க அவருடைய மகள் இன்று சென்னையிலிருந்து சிவகாசிக்கு வந்தாள். நான் சேர்த்த கிடார்களிலேயே எனக்குப் பெருமையானது அதுதான்.

பெட்டியைத் திறந்ததும் அவள் கை நேராகக் கிடாரின் மேல்விளிம்புக்குப் போய் நின்றது.

"இங்கதான் அங்கிள், அப்பா கை உரசி உரசி பெயின்ட் போய் மரம் தெரியும். அதுல ஒரு தடவை கை வச்சுப் பாக்கத்தான் வந்தேன்."

அந்த இடம் சிவப்பாகப் பளபளத்தது. ஆயுத பூஜைக்கு என் அச்சகத்து மிஷின்களோடு வைக்க வேண்டுமென்று கார் பெயின்டரை வரவழைத்துப் புதுப் பெயின்ட் அடிக்க வைத்தது நான்தான். வெடிக்கு லேபிள் போட்டு முன்னுக்கு வந்தவன். மேல்பூச்சு மங்கினால் சரக்கு விலை போகாது என்பதுதான் நான் கற்ற தொழில்.

"என்கிட்ட வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றேன். வாய் கூசவில்லை.

"பத்திரமா வச்சிருக்கீங்களே அங்கிள், அது போதும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "நம்ம ஷெட்டுல வச்சுத்தான அடிச்சீக? அந்தப் பிள்ளைகிட்ட ஒத்துக்கிட்டா உங்க கிரீடம் எறங்கிருமாக்கும்?"

அந்தப் பெண்ணின் நம்பர் என் போனில் இருக்கிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இவ்வளவு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பூச்சைச் சுரண்டினால் மரம் தெரியும். அவர் கை தேய்த்த மரமாக அது இருக்காது.

இப்போது அந்த விளிம்பில் என் கையை வைத்துப் பார்த்தேன். நிற்காமல் வழுக்குகிறது.