யாரும் கூப்பிடாத பெயர்

மதினி,

இன்று காலை தென்காசி பேருந்து நிலையத்தில், கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் திடீரென்று ஒரு பெண் குரல், "குத்தாலம்! குத்தாலம்!" என்று தொண்டை கிழியக் கத்தியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பை கைநழுவி, காய் நாலாபக்கமும் உருண்டது. திரும்பிப் பார்த்தால், காக்கி உடுப்புப் போட்ட ஒரு கண்டக்டர் பெண். "என்ன ஆச்சி, பயந்துட்டீயளா? வண்டிக்கு ஆள் கூப்பிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே காயைப் பொறுக்கித் தந்தாள். ஆண்கள் அந்தப் பேரைக் கூவி நான் கேட்காத நாளே கிடையாது. ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து அதைக் கத்தி, இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

நீங்கள் பாவூர்சத்திரத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் நடுவில். எங்கள் அப்பாவின் பெயர் குற்றாலம். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளை எதுவும் தங்காமல், குற்றாலநாதருக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். குட்டையான ஆலமரங்கள் நின்ற இடம், அதனால் குறு ஆல், அதனால் குற்றாலம் என்று அப்பாவே பொருள் சொல்வார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் அவருக்கு. குட்டை ஆலமரம் வளர்ந்திருக்கிற லட்சணத்தைப் பாரு என்று அவர் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அந்தக் காலத்தில் தென்காசிக் கடைத்தெருவில் நின்று "ஏ குத்தாலம்" என்றால் நாலைந்து தலையாவது திரும்பும். நெட்டைக் குத்தாலம், வெத்தலைக் குத்தாலம் என்று அடைமொழி போட்டுத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். அப்பாதான் நெட்டை.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அது எல்லா வீட்டிலும் இருந்ததுதான். ஆனால் மற்ற மருமகள்களுக்கு ஒரு பெயரை விழுங்கினால் போதும். உங்களுக்குப் பக்கத்து ஊரையே விழுங்க வேண்டியிருந்தது.

கல்யாணமான புதிதில், நீங்களும் நானும் சாரலுக்குக் குளிக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார்.

"அருவி ஊருக்கு."

"அருவி பாவநாசத்துலயும் கெடக்கு. அங்கயா போறீய?"

"இல்ல, நம்ம… சாரல் விழுமே, அந்த ஊரு."

"சாரல் இந்தா பஸ்ஸுக்குள்ளயே விழுது. ஊருக்குப் பேரு இல்லையா தாயி?"

பஸ்ஸே சிரித்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் நீங்கள் முகம் சிவக்க, "மேலகரம் ரெண்டு" என்றீர்கள். முந்தின ஊரான மேலகரத்தில் இறங்கி, மிச்ச தூரம் முழுக்க நனைந்துகொண்டே நடந்தோம். "ஏட்டி, உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று என் தொடையில் கிள்ளினீர்கள். அந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

பிறகு உங்களுக்கு மகன் பிறந்தான். தலைப்பிள்ளை ஆண் என்றால் தாத்தா பெயர்தான், அதில் பேச்சே கிடையாது. அப்பா பிள்ளையை மடியில் போட்டு, காதில் தன் பெயரை ஓதினார். வீடே பூரித்தது. வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒரு ஆள் இல்லை! நீங்கள் மருமகள், சொல்லக் கூடாது. அம்மாவுக்குப் புருஷன் பெயர், வாயே திறக்க மாட்டாள். அண்ணனும் நானும் பெற்ற அப்பன் பெயரை எப்படி வாலே போலே என்று சொல்ல முடியும்? அப்பாவுக்கோ தன்னையே கூப்பிட்டுக்கொள்வதுபோல் கூச்சம், பேராண்டி என்பதோடு நிறுத்திக்கொண்டார். மற்ற எல்லோருக்கும் அவன் ராசா. கௌரவமான ஒரு பெயரை வைத்து, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பம் எங்களுடையது. நம் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் கூத்தைச் செய்வார்களா, சொல்லுங்கள்.

அவன் பள்ளிக்கூடம் சேருவதற்கு முந்தின ஆடி மாதம். அண்ணன் கடையில் இருந்தார். நாம் மற்றவர்கள் எல்லாம் பேரருவிக்குப் போயிருந்தோம். பெண்கள் நாம் மூவரும் குளித்துவிட்டு, மேலே படியில் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். அருவி விழுந்து ஓடும் ஓடையின் கரையில் அப்பா நமக்கும் பிள்ளைக்கும் முதுகைக் காட்டி நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில், ஓடைக்குள் கிடந்த பாறையில் பிள்ளை குந்தி இருந்து இலையை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று அருவியின் சத்தம் மாறியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் குச்சியும் சருகுமாக இறங்கியது. "வெள்ளம் வருது, ஏறுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"ராசா! ஏ ராசா!" என்று கத்தினீர்கள். கரையில் நின்ற தாய்மார் அத்தனை பேரும் ராசா, ராசா என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிரவில்லை. "மாமா! மாமா!" என்றீர்கள். அங்கே எல்லா ஆண்களும் யாருக்கோ மாமாதான். அப்பாவும் திரும்பவில்லை. தண்ணீர் பாறையைத் தொட்டுவிட்டது.

அப்போது கேட்டேன்.

"ஏலே குத்தாலம்! ஏலேய்!"

கூட்டத்தில் நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார், கண்ணில் கோபத்தோடு. அவரை லே போட்டுக் கூப்பிட யாருக்குத் துணிச்சல் வந்தது என்று தேடிய கண், உங்கள் முகத்தில் வந்து நின்றது, நீங்கள் நீட்டிய கைக்குப் போனது, பாறைக்குப் போனது. ஒரே எட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அடுத்த மூச்சில் அந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் மதினி. நான் பதறியது வெள்ளத்தைப் பார்த்து இல்லை. நீங்கள் அந்தப் பேரைச் சொன்னீர்களே, அதைக் கேட்டுத்தான். எப்படி வளர்ந்திருக்கிறேன் பாருங்கள்! கண்முன்னால் பிள்ளை வெள்ளத்தோடு போகப் பார்க்கிறது, என் மனசு "ஐயோ, பேரைச் சொல்லிட்டாளே" என்று அடித்துக்கொள்கிறது. அம்மா என்னைவிட ஒரு படி மேல். வீடு வந்து சேரும் வரை அழுகை, சேர்ந்த பிறகு ஆங்காரம். "மாமனார லே போட்டுக் கூப்பிட்ட வாயி. ஊரே கேட்டுச்சு. பாவூர்சத்திரத்துக்கு ஆள் அனுப்புங்க, அவ ஐயா வந்து கூட்டிட்டுப் போவட்டும்" என்றாள். அண்ணன் தலை குனிந்து நின்றார். நீங்கள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

அப்பா அதிர்ந்து பேசவில்லை. "யாரக் கூப்பிட்ட?" என்று மட்டும் உங்களைக் கேட்டார்.

"பிள்ளையத்தான் மாமா."

"அவ மவன அவ கூப்பிட்டிருக்கா. அவன் பேரு அதுதானே? இதுல என்ன பஞ்சாயத்து?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சோறு போடச் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு காலம் ஓடிய ஓட்டத்தில் அந்தப் பெயரும் ஓடிவிட்டது. நம் தெருவிலேயே, மேடைப் பேச்சுக் கேட்டவர்கள் பிள்ளைக்கு இளமாறன், தமிழ்ச்செல்வி என்று வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிறந்ததெல்லாம் ரமேஷும் சுரேஷும். உங்கள் மகனே மதராசில் வேலைக்குப் போனதும் குமார் ஆகிவிட்டான். இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று குத்தாலம் என்று கூப்பிட்டால் ஒரு பிள்ளை திரும்பாது, ஆட்டோதான் வந்து நிற்கும்.

அறுபதுகள் முடியும் சமயம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் நீங்கள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தீர்கள், நான் விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"மருமவளே, அன்னைக்கு அருவிக்கரையில நீ பிள்ளையக் கூப்பிடல. என்னையத்தானே கூப்பிட்ட?"

என் கையில் விசிறி நின்றுபோயிற்று. நீங்கள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தீர்கள்.

"ஆமா மாமா. பிள்ளைக்கு அந்தப் பேரு தெரியாது. யாரு அவன அப்படிக் கூப்பிட்டா? பேர் சொன்னா நீங்கதான் திரும்புவீயன்னு கூப்பிட்டேன். லே போட்டாத்தான் வெரசலாத் திரும்புவீய."

இத்தனை வருஷம் இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஏன் உறைக்கவில்லை? தன் பெயரே தெரியாத பிள்ளை அதைக் கேட்டு எப்படித் திரும்பும்? அப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

அப்பா சிரித்தார். "எங்க ஆத்தா போனதுக்கப்புறம் என்னைய லே போட்டு ஒருத்தரும் கூப்பிடல. எல்லாரும் அண்ணாச்சி, இல்லன்னா மொதலாளி. இன்னொரு மட்டம் கூப்பிடு தாயி."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவர் காதருகே குனிந்து, மெதுவாக, "ஏலே குத்தாலம்" என்றீர்கள். அப்பா முகத்தை உங்கள் பக்கம் திருப்பினார். சின்னப் பிள்ளை கூப்பிட்ட குரலுக்குத் திரும்புமே, அப்படி.

போன மாசம் உங்களுக்கு மூச்சு அடங்கிக்கொண்டு வந்தபோது, பேரன் பேத்தியெல்லாம் ஆச்சி, ஆச்சி என்று அழுதார்கள். நான் மதினி, மதினி என்றேன். எதற்கும் அசையவில்லை நீங்கள். பிறகுதான் எனக்குத் தோன்றியது. குனிந்து, உங்கள் பெயரைச் சொன்னேன், ஏட்டி என்று சேர்த்து. வாழ்நாளில் முதல் தடவை. என் குரலைக் கேட்டு எனக்கே பகீரென்றது. சத்தமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பிந்திவிட்டேன் போலிருக்கிறது, நீங்கள் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெயர் என் வாயிலேயே இருக்கிறது, மதினி. கூப்பிட ஆளில்லை.