சீடியில வந்த கடல்

விதுர்ஷாட அப்பா, கடல் வருது. டீவியில காட்டுறான். பிள்ளையத் தூக்கிட்டுப் பள்ளிக்கூட மாடிக்கு ஓடுறன். கரைக்கு வந்தா அங்க வாங்க.

மேல எழுதினத விடுங்க, கடல் வரல்ல. மாடியில எவ்வளவு நேரம் நிண்டும் அலையக் காணல்ல. திரும்பி வந்து பாத்தா டீவியில அதே தோணி, அதே அலை மறுகாவும் வருது. தம்பி உதயன் டெக்குக்குள்ள விட்டிட்டுப் போன சுனாமி சீடி, கரண்ட் வந்ததும் தானா ஓடியிருக்கு. நான் நியூஸ் எண்டு நம்பிட்டன். என்ட சத்தத்தில தெருவே மாடியில நிக்குது. அது போன வருசத்துப் படம் எண்டு சொல்லி இறக்கப் போறன்.

சோறு அடிப்பிடிச்சிட்டு, மேலால அள்ளிச் சாப்பிடுங்க.

நீங்க கடலுக்குப் போகக்குள்ள கோவத்தில கதைக்காம இருந்திட்டன். மாடியில நிண்டு நான் அழுதது அதுக்குத்தான்.