அம்மா மாற்றிய ஆயில்

வியாசர்பாடி
ஞாயிறு காலை

அன்பு மகள் மதிக்கு, அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். தோஹா வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் எனக்கு இதையெல்லாம் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போய் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். நீ சொன்னபடி அவள் ஆட்டோவை விற்றுவிடலாம் என்று பழைய வண்டி வாங்கும் திருவொற்றியூர் சாலமனை வரச் சொன்னேன். உன் அம்மா என்னைவிட அந்த வண்டியோடுதான் அதிகம் பேசுவாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து நான் தார்ப்பாயை விலக்கியதே இல்லை. கூட வந்த மெக்கானிக் சுஃபியான் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, அம்மா செய்வாளே அதே மாதிரி இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தான். புதிதாக ஊற்றியது போலத் தேன் நிறமாக இருந்தது. அப்புறம்தான் சொன்னான், அட்மிட் ஆவுறதுக்கு மொத நாளு அக்கா ஷெட்டுக்கு வந்துச்சு மாமா, சிந்தெடிக் ஆயிலு ஊத்துடா, அதான் ரொம்ப நாளு தாங்கும், வந்தவொடனே எண்ணூர் ட்ரிப்பு அடிக்கணும்னு சொல்லிகினு இருந்துச்சு என்று.

ஆபரேஷனுக்குப் போகும்போது அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டாளா, நீ பக்கத்தில் இல்லாததால்தானா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய், நான் பேச்சை மாற்றுவேன். இப்போது சொல்கிறேன். சாகப்போகிறோம் என்று நினைத்தவள் வண்டிக்கு ஆயில் மாற்றமாட்டாள். திரும்பி வரத்தான் போனாள் மதி. இது ஆறுதலா என்று தெரியவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது. சாலமனை அனுப்பிவிட்டேன், அவனுக்குக் கோபம்.

ஆனால் சுஃபியான் சொல்கிறான், வண்டி ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியே ஆகணுமாம், நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாதாம். பிரேக் ஆயிலும் ஈரம் இழுத்திருக்கும் என்கிறான். உன் காரையும் காட்டிவிடு, சோம்பல்படாதே. அம்மா ஆயில் மாற்றி ஏப்ரலோடு வருஷம் முடிகிறது. அவள் ஊற்ற வைத்ததைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரல் பதினாலு, அண்ணல் பிறந்தநாளுக்கு அம்மா வண்டியில் நீலக்கொடி கட்டாத வருஷம் உண்டா. அதற்காவது லீவு போட்டு வா. நீ பக்கத்தில் நின்றால் கொட்டிவிடுவேன்.

புது ஆயில் வாங்க வேண்டாம். அடுத்த தடவைக்கு என்று இன்னொரு டப்பாவையும் வாங்கி, சீல் பிரிக்காமல் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

நீ நல்லா இருக்கணும்.

ஜெய்பீம்.
உன் அப்பா,
சுப்பராயன்