அது வருஷம் இல்லை, பருமன்

மத்சுவே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கென்சுகேவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனசாரவே எழுதுகிறேன். சப்போரோவில் பனி கொட்டுவதாக டிவியில் சொன்னார்கள், நீயும் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு, ஷிஹோவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

உன் தங்கை விடும் அம்பெல்லாம் இலக்கை விட்டு வலது பக்க மணலில் போய்க் குத்துகிறது என்று போனில் சொன்னேன் அல்லவா. ரியோஜி சித்தப்பாவுக்குப் பார்வை போக ஆரம்பித்ததும் இதே பதினேழு வயதில்தான், அதனால் அப்பாவுக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் அம்பு வலப்பக்கமே போனது. டாக்டர் எதையோ கோட்டை விட்டிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்குப் போகவே இல்லை. பள்ளியில் வில் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு வாத்தியாரோ வில்லைத் தொட்டே பார்த்திராதவர், அவரிடம் என்ன கேட்பது?

போன வாரம் இறகு பிய்ந்த அம்பு ஒன்றை ஒட்டி வாங்க அப்பாவும் நானும் வில் கடைக்குப் போனோம். அவளிடம் இருப்பதெல்லாம் நீ விட்டுப்போன அலுமினிய அம்புகள்தான், அண்ணன் அம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாளே. கடைக்கார அம்மாள் அதை லேசாக வளைத்துப் பார்த்துவிட்டு, ஷிஹோவின் வில் எவ்வளவு பலம் என்று கேட்டார், பதிலைக் கேட்டதும் அதை ஓரமாக வைத்துவிட்டு 1913 என்று பொறித்த ஒன்றை எடுத்து நீட்டினார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "எங்க பையனோட 2015-ஐயே பழசுன்னு பாக்கறேன், நூறு வருஷப் பழசை எம்பொண்ணு தலையில கட்டறீங்களே!" என்றார். அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அது வருஷம் இல்லீங்க, பருமன்! முன்னாடி ரெண்டு எண் குழாயோட பருமன், பின்னாடி ரெண்டும் தகட்டோட கனம். உங்க பையனோடது தடிமன், விறைப்பு ஜாஸ்தி. இவ வில்லுக்கு அது வளைஞ்சே கொடுக்காது, வலப்பக்கம்தான் ஓடும்" என்றார். நீ மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் 2015 என்பதால் வாங்கிய வருஷத்தைப் பொறித்திருக்கிறார்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். மூன்று வருஷம் வில் பிடித்தவன், நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! புது அம்பில் நேற்று நான்குக்கு மூன்று இலக்கில் பட்டது. அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு சளி பிடித்திருக்கிறது என்கிறார்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். இத்தனை நாளும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, சமையலறையிலிருந்து குளியலறை வரை சுவரைத் தடவித் தடவி நடந்து பழகிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்று காலை போனைப் பார்த்துக்கொண்டே வந்து மேசைக் காலில் விரலை இடித்துக்கொண்டாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "உசிரு போகுதுன்னு கத்தறேன், சிரிக்கிறியேம்மா!" என்று திட்டித் தீர்த்தாள். திட்டட்டும், எத்தனை வேண்டுமானாலும் திட்டட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. அவளுக்குப் போன் செய்தால் கண்ணைப் பற்றிக் கேட்காதே, அம்பைப் பற்றி மட்டும் கேள்.

ஆசிகளுடன்,
அம்மா